இரண்டு அங்குல ஆட்டம்

ஒலி முகம்மதுவின் காரில் ஸ்டீரிங்கை இந்தப் பக்கம் ஓர் அங்குலம், அந்தப் பக்கம் ஓர் அங்குலம் திருப்பினால் முன்சக்கரங்களுக்கு ஒன்றும் தெரியாது. அதைத் தாண்டித் திருப்பினால்தான் அவை அசையும். இருபத்தொன்பது வருடமாக ஓட்டியவருக்கு அது குறையாகப் படவில்லை. கூப்பிட்டவுடன் திரும்பாமல் கொஞ்சம் பொறுத்துத் திரும்புகிற ஆட்கள் உண்டு, இதுவும் அந்த ரகம் என்று மனைவி ரபியாவிடம் ஒருமுறை சொல்லியிருந்தார்.

1967ஆம் வருடத்து மோரிஸ் ஆக்ஸ்ஃபர்ட். பாலாடை நிறம். துறைமுகத்தில் இருந்த ஓர் அதிகாரி நாட்டை விட்டுப் போகும்போது இவரிடம் விற்றுவிட்டுப் போனது. பழங்கார் என்று பதிவானதால் வருடத்தில் நாற்பத்தைந்து நாள்தான் சாலையில் எடுக்கலாம். அந்த நாற்பத்தைந்தையும் ஒலி முகம்மது ஞாயிற்றுக்கிழமைகளுக்கே கொடுத்துவிட்டார். நோன்பு மாதத்து ஞாயிறுகளையும் அடைமழை ஞாயிறுகளையும் கழித்தால் ஏறக்குறையச் சரியாக வந்தது.

பிடோக்கில் ஏழாவது மாடி வீடு. காலை ஏழு மணிக்குக் கணவனும் மனைவியும் கீழே இறங்குவார்கள். கடலோரமாகப் போய், பாலத்தில் ஏறி, தஞ்சோங் பகாரில் அவர் பிறந்து வளர்ந்த குடியிருப்பு இருந்த இடத்தை ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். அங்கே இப்போது கண்ணாடிக் கட்டடங்கள். கடலுக்கடியில் போகும் சுரங்கச் சாலை வந்த பிறகும் அவர் பாலத்து வழியை விடவில்லை. பிறகு தேக்கா சந்தையில் ஆட்டுக்கறி, மேலே உணவுக் கடையில் நுரைக்க ஆற்றிய தே தாரிக் டீ ஆளுக்கொன்று, வீடு. பத்தரை மணிக்கு ரபியா அடுப்பில் கறி ஆணம் வைத்திருப்பாள்.

ஒலி முகம்மது முப்பத்து நான்கு வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே, உயரத்தில், கண்ணாடிக் கூண்டில் தனியாக உட்கார்ந்து கீழே குனிந்து பார்த்தபடி பெட்டிகளை எடுத்து வைக்கிற வேலை. அங்கே பேச ஆள் இல்லை. இறங்கி வீட்டுக்கு வந்த பிறகும் பேசும் பழக்கம் அவருக்கு வரவில்லை. சாப்பாடு பிடித்திருந்தால் இன்னொரு தடவை போட்டுக்கொள்வார். பிடிக்காவிட்டால் கை கழுவிவிடுவார். மகள் ஃபர்சானா கல்யாணமாகி மார்சிலிங்குக்குப் போன அன்றும், "பத்திரம்" என்ற ஒரு சொல்லோடு அவருடைய பேச்சு முடிந்தது.

காரில் மட்டும் பேசுவார். வண்டி கடலோரத்துக்கு வந்து மூன்றாவது கியர் விழுந்ததும் வாய் திறக்கும். மூட்டை தூக்கிய தன் அத்தாவைப் பற்றி, ஒரு மழைநாளில் பெட்டியோடு ஊசலாடிய கிரேனைப் பற்றி, அன்றைக்குத் தான் பயந்ததைப் பற்றி. ரபியா இடப்பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வருவாள். கல்யாணமாகி முதல் பத்து வருடம், கார் வாங்குவதற்கு முன்பு, அவளுக்கு இந்த மனிதரைத் தெரியாது. அவரைத் தெரிந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில்தான்.

போன மார்ச்சில் பரிசோதனைக்குப் போனபோது கார் தேறவில்லை. பரிசோதகர் ஸ்டீரிங்கை இரண்டு விரலால் ஆட்டிக் காட்டி, இந்த ஆட்டத்தோடு சாலையில் விட முடியாது என்றார்.

ரபியாவின் தம்பி ஹுசைன் பிடோக் தொழிற்பேட்டையில் மூன்றாவது மாடியில் ஒரு வொர்க்ஷாப் வைத்திருந்தான். ஸ்டீரிங்கும் சஸ்பென்ஷனும் அவன் வேலை. ஐம்பத்தைந்து வயது, குட்டையான உருவம். காரின் அடியில் படுத்துப் படுத்து, நிமிர்ந்து நிற்கும்போதும் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். ஸ்டீரிங் பாக்ஸைக் கழற்றி, எண்ணெய் துடைத்து, உள்ளே இருந்த திருகுத் தண்டை மச்சானிடம் காட்டினான்.

"பாருங்க மச்சான். ரெண்டு ஓரமும் புதுசு மாதிரி இருக்கு. நடுவுலதான் தேஞ்சிருக்கு. வண்டி நேராப் போறப்ப இந்த இடம்தானே உராயுது. நாம முக்காவாசி நேரம் நேராத்தானே போறோம்."

இறுக்கினால் என்ன என்று ஒலி முகம்மது கேட்டார். மூன்று தடவை இறுக்கியாயிற்று என்றான் ஹுசைன். நடுவில் சரியாகும் அளவுக்கு இறுக்கினால் ஓரத்தில் பிடித்துக்கொள்ளும், வளைவில் திருப்பினால் திரும்பி வராது. புதுத் தண்டு எங்கும் கிடைக்கவில்லை. இங்கிலாந்தில் கேட்டுப் பார்த்தும் பழையதைத்தான் துடைத்து அனுப்புகிறார்கள். வழி ஒன்றுதான். இந்தப் பெட்டியையே எடுத்துவிட்டு ரேக் அண்ட் பினியன் வைப்பது. குறுக்கே ஒரு நீளத் தண்டு, அதில் பல் வெட்டியிருக்கும், அதன் மேல் ஒரு சின்னப் பற்சக்கரம். கையைத் திருப்பினால் முன்சக்கரம் திரும்பும், நடுவில் சும்மா ஆடுவதற்கு இடமே இருக்காது.

ரபியா அன்று தம்பிக்குச் சோறு கொண்டு வந்திருந்தாள். டிபன் கேரியரைத் திறந்துகொண்டே, "பழசே இருக்கட்டும்டா" என்றாள்.

"பழசு தேறாதுக்கா."

"அப்ப காரு நிக்கட்டும்."

ஹுசைனுக்கு அது விளங்கவில்லை. அக்காவுக்குப் பழைய பொருள்மீது பற்று என்று நினைத்தான். ஒலி முகம்மது கையைக் கால்சட்டைப் பையில் வைத்தபடி தண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "போடு" என்றார்.

அதன்பின் எட்டு மாதம். ஓர் எஞ்சினியர் வரைபடம் போட்டார். அனுமதிக்கு எழுதினார்கள், அதிகாரிகள் கேள்வி கேட்டார்கள், மறுபடி எழுதினார்கள். ஹுசைன் ஒரு ஜப்பான் காரின் ரேக்கை எடுத்து, மோரிஸின் சட்டத்தில் உட்கார இரும்புத் தாங்கிகள் செய்தான். ரேக்கின் உயரம் ஒரு கட்டை விரல் அகலம் மாறினாலும், மேடு பள்ளத்தில் வண்டி தானாகத் திரும்ப ஆரம்பித்துவிடும் என்பது இந்த வேலை தெரிந்தவர்களுக்குத் தெரியும். அவன் அட்டையில் வெட்டிப் பார்த்தான், மரத்தில் செய்து பார்த்தான், பிறகுதான் இரும்பைத் தொட்டான்.

அந்த எட்டு மாதத்து ஞாயிறுகளில் ஒலி முகம்மது ஏழு மணிக்கே சட்டை மாற்றிக்கொண்டு, வாசலை ஒட்டிய பொதுநடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ரபியா தேக்காவுக்குத் தனியாக ரயிலில் போய்வந்தாள். கறி வாங்கிக்கொண்டு மேலே உணவுக் கடைக்குப் போவதை விட்டுவிட்டாள். திரும்பி வரும்போதும் அவர் அதே நாற்காலியில் இருப்பார். இன்றைக்குக் கூட்டமா என்று கேட்க மாட்டார். ஒரு ஞாயிறு அவளே வலிய, பாலத்துப் பக்கம் ரோடு தோண்டியிருக்கிறார்களாம் என்றாள். அவர் தலையை ஆட்டினார். மத்தியானம் வரைக்கும் வீட்டில் அந்தத் தலையாட்டல்தான் இருந்தது.

நவம்பரில் வேலை முடிந்தது. பக்கத்துக் கடைக்காரன் தனசேகரன் சக்கரங்களின் கோணம் பார்த்துக் கொடுத்தான். ஹுசைன் தானே ஓட்டிப் பார்த்தான். வண்டி நூல் பிடித்ததுபோல் போயிற்று. பரிசோதனையிலும் தேறியது. தொழிற்பேட்டையில் நாலு பேர் வந்து குனிந்து பார்த்துவிட்டு, ஹுசைன் பாய் கை வைத்தால் கை வைத்ததுதான் என்று சொல்லிப் போனார்கள்.

மச்சான் வந்து சாவியை வாங்கி உட்கார்ந்தார். ஹுசைன் பக்கத்தில் ஏறிக்கொண்டான். சரிவுப் பாதையில் இறங்கிப் பெரிய சாலையைத் தொட்டதும் வண்டி உதறத் தொடங்கியது. பெரிய உதறல் இல்லை. மூக்கு இடமும் வலமுமாகச் சிறுசாக நெளிந்தது, யாரோ முன்னால் நின்று பிடித்து அசைப்பதுபோல.

"என்னமோ ஆடுது ஹுசைன்."

"ஆமா மச்சான். ரேக் உயரமா இருக்கும். திருப்புங்க, பாத்துடறேன்."

பத்து நாள் எடுத்துக்கொண்டு பார்த்தான். தாங்கிக்கு அடியில் மெல்லிய தகடு ஒன்று வைத்தான். சக்கரங்களைச் சமன் செய்தான். தானே ஓட்டினால் ஒன்றுமில்லை. மச்சான் ஓட்டினால் உதறியது. மறுபடி கழற்றி ஒரு தகட்டை எடுத்தான், இரண்டு தகட்டை வைத்தான். தனசேகரன் தன் கடையிலிருந்தே குரல் கொடுக்க ஆரம்பித்தான்.

"பாய், இன்னும் எத்தன வாட்டி அவுப்பீங்க? அந்த நட்டுக்கே ஸ்பேனர் பழகிப் போயிருக்கும் லா."

மூன்றாம் தடவை ஓட்டிப் பார்த்தது டிசம்பர் முதல் வாரத்தில், மழை விட்ட ஒரு காலையில். உதறல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாதபோது இந்த வேலைக்காரர்கள் காதைவிட விரலைத்தான் நம்புவார்கள். வண்டி ஓடும்போது ஒவ்வோர் இடமாகத் தொட்டுக்கொண்டே போவார்கள். எங்கே அதிகமோ அங்கே மூலம். ஹுசைன் முதலில் காலடித் தகட்டில் கை வைத்தான். கொஞ்சம்தான். ஸ்டீரிங் தண்டின் அடிப்பாகத்தைத் தொட்டான். அதைவிட அதிகம். மேலே போகப் போகக் கூடிக்கொண்டே போயிற்று. கீழே சக்கரத்தில் கோளாறு என்றால் மேலே வர வரக் குறைய வேண்டும். இது தலைகீழாக இருந்தது.

சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. சக்கரங்கள் நின்றுவிட்டன. ஹுசைன் இரண்டு விரல்களை ஸ்டீரிங் வளையத்தின் அடியில் வைத்தான். வளையம் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. ஒலி முகம்மது வலக்கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நடுக்கம் நின்றது.

இருவரும் முன்னால் கடந்துபோகிறவர்களைப் பார்த்தார்கள். பச்சை விழுந்தது. பின்னால் வந்தவன் ஹாரன் அடிக்கும் வரை வண்டி நகரவில்லை.

திரும்பி வந்து நிறுத்தியதும், "ரேக்லதான் மச்சான் கோளாறு" என்றான் ஹுசைன். "நான்தான் எங்கயோ தப்பு பண்ணிட்டேன். வண்டி இங்கயே இருக்கட்டும். நாளாகும்."

ஒலி முகம்மது சாவியைக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

மறுநாள் அவர் பள்ளிவாசலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஹுசைன் அக்கா வீட்டுக்குப் போனான். ரபியா இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். உட்காரச் சொல்லி, தட்டு வைத்தாள். சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அவன் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் அவன் எதற்கு வந்தான் என்று கேட்கவில்லை. வெளியே மறுபடி மழை பிடித்துக்கொண்டது.

"எவ்வளவு நாளாக்கா?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"டாக்டர்கிட்ட?"

போனதாகவும், மருந்து கொடுத்திருப்பதாகவும், சில நாள் கேட்கிறது, சில நாள் கேட்பதில்லை என்றும் சொன்னாள். கோப்பியை அரைக் குவளைதான் ஊற்றித் தருகிறாளாம். சட்டைப் பொத்தானைப் போடாமல் பனியனோடு நின்றால், வேறு எதையோ எடுக்க வந்தவள்போல் வந்து போட்டுவிடுவாளாம். இதைப்பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

"ஏங்கிட்ட ஏன் சொல்லல?"

"எங்க சொல்றது. காருக்குள்ள தெரியலயே." அவள் இடியாப்பத் தட்டை ஈரத்துணியால் மூடினாள். "பழைய ஸ்டீரிங்ல அந்த ரெண்டு அங்குலம் சும்மா ஆடும்ல. அவரு கை நடுங்குறது அந்த ரெண்டு அங்குலத்துக்குள்ளயே முடிஞ்சிரும். வண்டிக்குத் தெரியாது. அவருக்கே தெரியாது. வீட்ல குவளை தெரியும், கரண்டி தெரியும். அங்க உக்காந்தா நல்லா இருந்தாரு."

ஹுசைன் ஈரமான பொதுநடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல வேலை என்று நினைத்து, எட்டு மாதம் பாடுபட்டு, ஒரு மனிதர் ஒளிந்துகொண்டிருந்த இடத்தை மூடிவிட்டிருந்தான்.

"பழச வெச்சிருக்கியாடா?"

"இருக்கு."

"மாட்டிக் குடு."

"முடியாதுக்கா."

"நான் பக்கத்துல இருப்பேன்."

"இருந்து? ஒரு புள்ள குறுக்க ஓடிவந்தா? அந்த ரெண்டு அங்குலம் அப்ப என்ன பண்ணும்? இத்தன நாளா ஒண்ணும் ஆகாததே பெரிய விஷயம்."

அவளுக்கு அது தெரியாமல் இல்லை. இரண்டு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் வலது காலால் இல்லாத பிரேக்கை அழுத்தியபடிதான் அவள் உட்கார்ந்திருந்தாள். அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு, சாலையையும் பார்த்துக்கொண்டு. அதைச் சொல்லவில்லை. "ஞாயித்துக்கெழமைல மட்டும்தான்டா அவரு எனக்கு இருக்காரு" என்று மட்டும் சொன்னாள். பிறகு எழுந்து தம்பியின் தட்டைக் கழுவப் போனாள்.

ஹுசைன் பழையதை மாட்டவில்லை. புதியதில் கோளாறு இல்லை என்றும் சொல்லவில்லை. காரைச் சுவரோரமாக நிறுத்தி, ஒரு பக்கத்தைத் தூக்கி வைத்தான், வேலை நடப்பதுபோல் தெரிய. மச்சான் போன் செய்தால், இன்னும் பிடிபடவில்லை என்பான். அவர் சரி என்று வைத்துவிடுவார். இப்படி டிசம்பரும் முடிந்து ஜனவரியும் வந்துவிட்டது.

தொழிற்பேட்டையில் பேச்சு பரவியது. ஹுசைன் பாய்க்குப் பழங்கார் வேலை சரிவரவில்லையாம், இரண்டு மாதமாகத் தூக்கி வைத்திருக்கிறாராம். பழைய வோல்வோ ஒன்றை வைத்திருந்த ரத்னவேல், தைப்பூசம் முடிந்து வேலையைக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தவர், வேறு ஆளிடம் போய்விட்டார். அவர் கொண்டுவந்து வைத்திருந்த உதிரிப் பெட்டியையும் ஒருநாள் வந்து எடுத்துப் போனார். ஹுசைன்தான் அதை லிஃப்ட் வரைக்கும் தூக்கிக் கொடுத்தான்.

பேச்சு மச்சானின் காது வரைக்கும் போயிருந்தது. அந்த வாரம் வியாழக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் ஒலி முகம்மது வந்து நின்றார். தனசேகரன் காலிப் பால் டின்னில் வாங்கிவந்த கோப்பியைக் குடித்துக்கொண்டு, மோரிஸின் மேல் சாய்ந்து பேசிக்கொண்டிருந்தான்.

"வாங்கண்ணே. ஒங்க மச்சினன் இந்தக் காரை டக்ஸிடெர்மிக்குக் குடுத்துடலாம்னு இருக்காரு. பாடம் பண்ணி சுவத்துல மாட்டிடலாம்."

ஹுசைன் சிரித்துவிட்டு, "நம்ம கை ராசி அப்படி" என்றான்.

ஒலி முகம்மது சிரிக்கவில்லை. தூக்கி வைத்த சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். தாங்கியைப் பார்த்தார். பற்றவைத்த இடத்தை இடக்கை விரலால் தடவினார்.

"தனா. இந்த ரேக்ல ஒரு கோளாறும் இல்ல."

"அண்ணே?"

கால்சட்டைப் பையிலிருந்து வலக்கையை எடுத்து, எதையோ வாங்குபவர்போல் தனசேகரனின் முன்னால் நீட்டினார். கை நடுங்கியது. அதை நிறுத்த அவர் முயலவில்லை. தனசேகரன் கோப்பி டின்னைக் கீழே வைத்தான். எதிர்க் கடையில் காற்றடித்துக்கொண்டிருந்த இயந்திரம் தானாக நின்றது.

"நல்லாப் பாத்துக்க. இதுதான் ஆடுது. ஹுசைன் வேலை சுத்தமான வேலை. கேக்கறவங்ககிட்ட சொல்லு. அந்த வோல்வோக்காரர்கிட்டயும் சொல்லு."

"மச்சான், விடுங்க..."

"நீ சும்மா இரு." அவர் குரல் உயரவில்லை. "அன்னிக்கு செவப்பு லைட்ல நீ ஸ்டீரிங்ல வெரலு வெச்சப்பவே ஒனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு எனக்குத் தெரியும். நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன். நீ ஓம்பேரைக் கெடுத்துக்கிட்டு உக்காந்திருக்கே. முப்பத்து நாலு வருஷம் ஒரு பெட்டி நான் கீழ போட்டதில்ல ஹுசைன். வேலை செய்யறவன் பேரு என்னன்னு எனக்குத் தெரியாதா?"

பிறகு காரை இறக்கி வைக்கச் சொன்னார். ஜாக்கியைத் தனசேகரனே இறக்கினான். ஹுசைன் தன் சாய்ந்த கழுத்தோடு, துடைத்த கருவிகளையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அன்று மாலை, ஹுசைன் காரைக் கொண்டுவந்து கீழே நிறுத்திவிட்டுப் போனபின், வீட்டில் அவர் சாவியை ரபியாவின் முன்னால் மேசையில் வைத்தார். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எனக்கா?"

"பன்னெண்டு வருஷம் நர்சரிப் புள்ளைங்கள ஏத்திக்கிட்டு வேன் ஓட்டுனவதானே."

அது ஆட்டோ கியர் என்றாள். அவர் கை கழுவப் போனார். கீரையில் பாதி ஆயாமலே கிடந்தது.

ஞாயிறு காலை ஏழு மணி. முந்தின நாள் மழையில் வாகன நிறுத்துமிடம் பளபளவென்று கிடந்தது. ரபியா இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டாள். ஒலி முகம்மது இடப்பக்கக் கதவைத் திறந்து, எந்தக் காலை முதலில் வைப்பது என்று தெரியாதவர்போல் நின்று, பிறகு ஏறினார். அந்தக் காரில் அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்ததே இல்லை.

பிஸ்மி சொல்லிக் கிளப்பினாள். முதல் விளக்கில் வண்டி அணைந்தது. இரண்டாம் விளக்கிலும் அணைந்தது. அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கடலோரச் சாலையில் ஏறியதும்தான் அவளுக்கு மூச்சு வந்தது. ஸ்டீரிங் கையில் இருக்கும்போது சாலையின் ஒவ்வோர் ஒட்டும் விரலுக்குத் தெரிந்தது. அதை அவரிடம் சொல்லலாம் என்று தோன்றியது. சொல்லத் தகுந்த விஷயமா என்று தெரியவில்லை. காரில் பேசுகிறவர் அவர், கேட்கிறவள் அவள். இத்தனை வருடத்தில் அதை மாற்றிச் செய்ததில்லை.

நெடுநேரம் கழித்து அவர் வாய் திறந்தார். "கியர மாத்து. எவ்வளவு நேரம் ரெண்டுலயே உருட்டுவே."

மாற்றினாள். முனகல் அடங்கி, வண்டி லேசாகியது. அதற்கப்புறம் அவர் எதுவும் பேசவில்லை. கட்டோங் கடந்தது, விளையாட்டரங்கின் வெள்ளைக் கூரை தூரத்தில் தெரிந்து மறைந்தது. சுரங்கச் சாலைக்குப் பிரியும் பலகை வந்தது. அவள் கேட்காமலே பாலத்துப் பக்கம் திருப்பினாள். கை அசைந்த அளவுக்கு வண்டி அசைந்தது. மேலே ஏறினார்கள்.

பாலத்தின் உச்சியில் இடப்பக்கம் திறந்துகொண்டது. மழை கழுவிய வானத்தின் கீழே கடலில் கப்பல்கள் நின்றிருந்தன. வரிசையில் இல்லை, அவையவை நின்ற இடத்தில், கரையைப் பார்த்தும் பார்க்காமலும். ஒலி முகம்மது கண்ணாடியை இறக்கினார். வலப்பக்கம் உட்கார்ந்து எதிரே பார்த்து ஓட்டியவருக்கு இத்தனை வருடமும் பாலம் என்பது முன்னால் போகும் காரும் வெள்ளைக் கோடுகளும்தான்.

"நீ இத்தன வருஷமா இதப் பாத்துக்கிட்டா வந்தே?"

"நான் எங்க பாத்தேன்" என்றாள் ரபியா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்க பேசுறதக் கேட்டுக்கிட்டு ஒங்க மொகத்தையில்ல பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவர் அவள் பக்கம் திரும்பினார். பிறகு மறுபடி கடலைப் பார்த்தார். நடுங்குகிற கையைக் குறுக்கே கொண்டுபோய் ஜன்னல் விளிம்பில் வைத்து, காற்றில் அப்படியே விட்டிருந்தார். அவள் ஆக்சிலேட்டரிலிருந்து காலை லேசாக எடுத்து வேகத்தைக் குறைத்தாள். பின்னால் வந்த வண்டி ஒரு தடவை ஹாரன் அடித்துவிட்டு, ஒதுங்கிக் கடந்துபோயிற்று.